என்ன கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை?

இங்கே கூடியிருப்பவர்களில் பாதிப்பேர் நாளை மாவட்டச் செய்தியாளர்களாகவோ, அந்தச் செய்திகளைத் திருத்தும் மேசையிலோ உட்காரப் போகிறவர்கள். அதனால் பொதுவாக இதழியல் பற்றிப் பேசாமல் ஒரே ஒரு வகைச் செய்தியை எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் மாதம் மேட்டூர் திறந்து டெல்டாவில் தண்ணீர் வந்ததும் மாவட்டப் பக்கங்களில் அந்தச் செய்தி வரும்: ஆள் பற்றாக்குறையால் குறுவை நடவு தாமதம். தீபாவளி முடிந்த பத்து நாளில் திருப்பூரிலிருந்து இன்னொன்று வரும்: ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்பவில்லை, ஆர்டர்களை முடிக்க முடியாமல் உற்பத்தியாளர்கள் தவிப்பு. பிறகு செங்கல் சூளை, கட்டுமானம், ஓட்டல், கரும்பு வெட்டு என்று ஆண்டு முழுவதும் வரிசையாக வரும். இந்தச் செய்திகளில் விவசாயச் சங்கத் தலைவர் பேசுவார், உற்பத்தியாளர் சங்கச் செயலாளர் பேசுவார், சில நேரம் அதிகாரி பேசுவார். பாதித்த ஏக்கர் இருக்கும், தேங்கிய ஆர்டர் இருக்கும், நட்டக் கணக்கும் இருக்கும். கொடுக்க முன்வந்த கூலி எவ்வளவு என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது.

தக்காளி வரத்து குறைந்தால் நாம் எப்படி எழுதுகிறோம்? 2023 ஜூலையில் விலை ஏறியபோது கோயம்பேட்டில் இன்று கிலோ எவ்வளவு, நேற்று எவ்வளவு, சில்லறைக் கடையில் எவ்வளவு என்பதுதான் முதல் வரி. விலை சொல்லாமல் தக்காளி கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் செய்தி ஆசிரியர் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். மனித உழைப்பு கிடைக்கவில்லை என்று எழுதும்போது மட்டும் விலையைக் கேட்காமல் செய்தி அச்சுக்குப் போய்விடுகிறது.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. அறுவடைக் காலத்தில் டெல்டா மாவட்டங்களில் அறுவடை இயந்திரத்துக்கு ஆட்சியர் அலுவலகம் வாடகை நிர்ணயிக்கிறது. பெல்ட் வண்டிக்கு மணிக்கு இவ்வளவு, டயர் வண்டிக்கு இவ்வளவு என்று அறிவிப்பு வருகிறது. நாம் அதைத் தவறாமல் வெளியிடுகிறோம். கூடுதலாக வசூலித்தால் அதையும் எழுதுகிறோம். அதே வயலில் நாற்றுப் பறித்து நட்ட பெண்ணின் நாள்கூலி அந்தப் பருவம் முழுக்க ஒருமுறைகூட அச்சேறாமல் போகிறது. இயந்திரத்தின் வாடகை நம் வாசகருக்குத் தெரிகிறது, நடவு ஆளின் கூலி தெரிவதில்லை.

ஏன் இப்படி? செய்தியாளருக்குக் கெட்ட எண்ணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. யாரிடம் தொலைபேசி எண் இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் செய்தியின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. சங்கத்துக்கு அலுவலகம் உண்டு, கடிதத் தலைப்பு உண்டு, மாலை ஆறு மணிக்குக் கூப்பிட்டால் எடுக்க ஓர் ஆள் உண்டு. நடவு நடும் பெண்கள் காலை ஆறு மணிக்கு வேனில் ஏறிவிடுவார்கள், மாலையில் வீட்டு வேலை இருக்கும். அவர்களிடம் பேச வேண்டுமானால் வரப்பு வரைக்கும் போகத்தான் வேண்டும். இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் அலுவலகங்களில் வேளாண்மைக்கு ஒருவர், வணிகத்துக்கு ஒருவர் இருக்கிறார். தொழிலாளர் செய்திகளுக்கென்று ஒருவர் இருப்பது அரிதாகிவிட்டது. உழைப்பு பற்றிய செய்தி முதலாளியின் செய்தியாகவே அலுவலகத்துக்குள் நுழைகிறது.

கூலியைக் கேட்காமல் எழுதினால் என்ன கேடு வந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். பஞ்சாபைப் பாருங்கள். அங்கே நிலத்தடி நீரைக் காக்க 2009இல் ஒரு சட்டம் வந்தது. ஜூன் மாதத்தில் அரசு குறிக்கும் நாளுக்கு முன்னால் நெல் நடவு செய்யக்கூடாது. அதனால் மாநிலம் முழுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடவுக்கு இறங்குகிறது. இத்தனை ஆள் ஒரே நேரத்தில் தேவைப்படும்போது பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வருகிறவர்களை நம்பித்தான் வேலை நடந்தது. 2020இல் பொதுமுடக்கத்தால் அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். பற்றாக்குறை உண்மையானது, யாரும் கட்டிவிட்ட கதை இல்லை. உள்ளூரில் மீதமிருந்தவர்கள் நிலமற்ற தலித் குடும்பத்தினர். பஞ்சாபின் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தலித் மக்கள். விளைநிலத்தில் அவர்களுக்கு இருப்பது சொற்பம். இந்த ஒருமுறையாவது ஏக்கருக்குக் கூடுதலாகத் தாருங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். பல கிராமங்களில் நில உடைமையாளர்கள் கூடித் தீர்மானம் போட்டார்கள்: இதற்கு மேல் யாரும் கூலி கொடுக்கக்கூடாது, கொடுத்தால் அபராதம். கேட்டு அடம்பிடிப்பவர்களை ஊர் விலக்கம் செய்வோம் என்றும் சில ஊர்களில் அறிவிப்பு வந்தது.

இப்போது அந்த ஜூன் மாதத்தில் ஒரு செய்தியாளர் பஞ்சாபில் நடவுக்கு ஆள் இல்லை என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் ஊரே கூடிக் கூலிக்கு உச்சவரம்பு போட்டதை விட்டுவிட்டால், நடந்ததில் பெரிய பகுதியையே வாசகரிடமிருந்து மறைத்ததாகும். நல்லவேளையாகச் சில செய்தியாளர்கள் அந்தத் தீர்மானங்களைத் தேடிப் பிடித்து எழுதினார்கள். அதனால்தான் நமக்கு இன்று அது தெரிகிறது.

அதே ஆண்டு மே மாதம் நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் என்ன நடந்தது என்பதும் நினைவிருக்கும். முதலமைச்சர் கட்டுமான நிறுவனங்களின் பிரதிநிதிகளைச் சந்தித்தார். அதையடுத்து, வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்புவதற்கான ரயில்களை நிறுத்தும்படி அரசு ரயில்வேக்குக் கடிதம் எழுதியது. கண்டனம் எழுந்த பிறகுதான் ஓரிரு நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆள் போய்விடுவார்களே என்ற அச்சம் வந்தவுடன் கூலியைக் கூட்டுவது முதல் யோசனையாக வரவில்லை, வண்டியை நிறுத்துவதுதான் வந்தது.

இது நம் காலத்து வழக்கம் மட்டும் இல்லை. 1348இல் தொடங்கிய கொள்ளைநோயில் இங்கிலாந்தின் மக்களில் பெரும்பகுதியினர் செத்தார்கள். உயிரோடிருந்த உழவுத் தொழிலாளிகள் கூடுதல் கூலி கேட்டார்கள். 1349இல் அரசாணையும் 1351இல் நாடாளுமன்றச் சட்டமும் வந்தன. நோய்க்கு முன்னால், 1346 வாக்கில் இருந்த கூலிக்குத்தான் வேலை செய்ய வேண்டும், கூடுதலாகக் கேட்டாலும் வாங்கினாலும் குற்றம். பஞ்சாப் கிராமத் தீர்மானத்தையும் இந்தச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இடையில் அறுநூற்று எழுபது ஆண்டு இருப்பதாகத் தோன்றாது.

நம் முன்னோர் கதையிலும் இது உண்டு. மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் பெருகியபோது ஆள் போதவில்லை என்று தோட்ட முதலாளிகள் ஓயாமல் முறையிட்டார்கள். 1907இல் அங்கிருந்த ஆங்கில ஆட்சி தமிழர் குடியேற்ற நிதி ஒன்றைச் சட்டப்படி அமைத்தது. தமிழ்த் தொழிலாளிகளை வேலைக்கு வைக்கும் முதலாளிகளிடம் வரி வசூலித்து, அந்தப் பணத்தில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் கட்டணம் கொடுத்து ஆள் கொண்டுவந்தார்கள். ஆள் குறைந்தால் தோட்டத்தில் கூலி ஏறியிருக்க வேண்டும். அது ஏறாமலிருக்கும் அளவுக்குக் கப்பலில் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை சரிந்ததும் கூலியை வெட்டினார்கள், பல்லாயிரம் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். பற்றாக்குறைக் காலத்தில் ஏறாத கூலி, ஆள் மிகுந்த காலத்தில் மட்டும் உடனே இறங்கியது. மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதுகிறவர்கள் கங்காணியைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். இந்த நிதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசலாம் என்பது என் ஆசை.

சரி, நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஆள் பற்றாக்குறைச் செய்தி என்றாலே கூடவே ஒட்டிக்கொண்டு வரும் காரணம் நூறு நாள் வேலை. எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள், மரத்தடியில் உட்கார்ந்து காசு வாங்குகிறார்கள், வயலுக்கு யார் வருவார்கள் என்ற வரியை நீங்கள் எத்தனையோ முறை படித்திருப்பீர்கள். இந்த வரியைப் பயன்படுத்துவதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

2022-23இல் தமிழ்நாட்டில் அந்தத் திட்டத்துக்கு அறிவித்த நாள்கூலி ₹281. அதே ஆண்டு தமிழ்நாட்டில் ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரிக் கூலி ஏறத்தாழ ₹470 என்கிறது ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலப் புள்ளிவிவரத் தொகுப்பு. ₹470 கிடைக்கிற இடத்தை விட்டு ₹281க்கு ஒருவர் ஏன் போக வேண்டும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் உண்மையான செய்தி வரும். நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டில் பத்தில் எட்டுக்கு மேல் பெண்கள். அந்த ₹470 ஆணின் கூலி. பெண்ணுக்கு வயலில் கிடைப்பது அதைவிடக் குறைவு, பல ஊர்களில் மிகக் குறைவு. திட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. ஆக, வயலுக்கு வராமல் போனவர்கள் யார், எவ்வளவு கூலியை விட்டு எவ்வளவு கூலிக்குப் போனார்கள் என்று பிரித்துக் கேட்டால், ஆட்கள் சோம்பேறியாகிவிட்டார்கள் என்ற பேச்சு நிற்காது. பெண்ணுக்கு ஆணில் பாதியும் முக்காலும் கொடுத்து வேலை வாங்கிய ஒரு வழக்கம் அசைந்துகொடுக்கிறது என்ற செய்தி நிற்கும்.

கிளெமான் அம்பேர், ஜான் பாப் என்ற இரு பொருளியலாளர்கள் இந்தத் திட்டம் முதலில் வந்த மாவட்டங்களை மற்ற மாவட்டங்களோடு ஒப்பிட்டு 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வயல் வேலை குறைந்திருக்கும் வறண்ட மாதங்களில் தனியார் வேலைக்கான தினக்கூலி சுமார் 5 விழுக்காடு ஏறியதாக அதில் தெரிந்தது. மழைக்காலத்தில் அப்படிக் குறிப்பிடத்தக்க ஏற்றம் இல்லை. அப்போது திட்ட வேலையே குறைவு. நடவு நேரத்தில் ஆளைப் பிடுங்குகிறது என்ற பொதுக் குற்றச்சாட்டோடு இது எவ்வளவு பொருந்துகிறது என்பதை நீங்களே பாருங்கள். நூறு நாள் என்பது பெயர்தான்; அண்மை ஆண்டுகளில் நாடு முழுவதும் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகக் கிடைத்தது ஏறத்தாழ ஐம்பது நாள். அந்தக் கூலியும் கைக்கு வந்து சேர்ந்ததா என்றால், தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய ₹1,056 கோடி கூலி நிலுவையை விடுவிக்கக் கேட்டு 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

2011இலேயே அன்றைய வேளாண் அமைச்சர் சரத் பவார், விவசாய வேலை மிகுந்த மாதங்களில் திட்டத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டார். ஊரக வளர்ச்சி அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் அதற்கு இசையவில்லை. 2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 125 நாள் என்று சொல்கிறது; கூடவே விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் வகை செய்கிறது. கூலியைக் கேட்காமல் நாம் ஆண்டாண்டாக எழுதிய செய்திகளும் அந்த 60 நாளுக்கு வழி போட்டன என்றுதான் நான் நம்புகிறேன். பற்றாக்குறை நிரூபணமான உண்மையாகப் பதிவாகிவிட்டது. கூலி பதிவாகவே இல்லை. அதனால் சட்டம் பற்றாக்குறைக்கு மட்டும் வழி தேடுகிறது.

கூலியைக் கேட்க வேண்டும் என்று சொல்வது எளிது. எப்படிக் கேட்பது என்பதில்தான் திறமை இருக்கிறது, ஏனென்றால் கூலி ஒரே எண்ணாகக் கிடைக்காது. திருப்பூரில் ஒரு நிறுவன வாசலில் டெய்லர் தேவை, நாளொன்றுக்கு இவ்வளவு என்று தட்டி தொங்கும். அது ஒரு ஷிப்டுக்கா, ஒன்றரை ஷிப்டுக்கா? ஒரு ஷிப்டு எட்டு மணி நேரம், ஒன்றரை என்றால் பன்னிரண்டு. இதைக் கேட்காமல் எழுதினால் எட்டு மணி நேரக் கூலியை ஒன்றரை மடங்காக ஊதிக் காட்டிவிடுவீர்கள். பீஸ் ரேட் என்றால் எந்தப் பீஸுக்கு, ஒரு நாளில் எத்தனை ஓடும், துணி வராமல் மெஷின் சும்மா நின்ற நேரத்துக்குக் காசு உண்டா? ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், கைமடி என்று ஒவ்வொன்றுக்கும் கூலி வேறு. விடுதியும் சாப்பாடும் இலவசம் என்பார்கள். பிடித்தம் எவ்வளவு என்று தொழிலாளியிடம் கேளுங்கள். ஏஜெண்டுக்குக் கொடுத்தது யார் கையிலிருந்து என்றும் கேளுங்கள்.

வயலிலும் அப்படித்தான். ஆள் கூலியா, ஏக்கருக்கு மொத்தமாகப் பேசியதா? மொத்தமாக என்றால் எத்தனை பேர் எத்தனை மணி நேரம் நட்டார்கள், ஆளுக்கு எவ்வளவு விழுந்தது? வேன் செலவு யாருடையது? ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். விவசாயக் கூலி இவ்வளவு என்று ஒரே எண்ணைப் போட்டால் அது பெரும்பாலும் ஆணின் கூலியாக இருக்கும். ஆண்டில் எத்தனை நாள் இந்த வேலை என்பதையும் விடாதீர்கள். நடவில் பதினைந்து நாள் நல்ல கூலி கிடைத்துவிட்டு மற்ற மாதங்களில் ஒன்றும் இல்லையென்றால், குறைந்த சம்பளமானாலும் மாதம் முழுக்க வேலை தரும் கடைக்கோ மில்லுக்கோ போகிறவர் கணக்குத் தெரிந்தவர். அப்புறம் விலைவாசி. ஐந்து ஆண்டுக்கு முன் ₹400 வாங்கியவர் இன்று ₹480 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூலி ₹80 ஏறியும் ஆள் வரவில்லை என்று முதலாளி சொல்வார். அரிசி, எண்ணெய், கேஸ், பிள்ளையின் பேருந்துக் கட்டணம் அதைவிட வேகமாக ஏறியிருந்தால் கூலி உண்மையில் இறங்கியிருக்கிறது. தொழிலாளர் பணியகம் ஊரகக் கூலி விவரத்தையும் விவசாயத் தொழிலாளருக்கான விலைக் குறியீட்டையும் மாதந்தோறும் வெளியிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வகுத்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

ஊர்விட்டு ஊர் கூலியையும் ஒப்பிடுங்கள். அதே 2022-23இல் கேரளத்தில் ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரிக் கூலி ஏறத்தாழ ₹764, மத்தியப் பிரதேசத்தில் ₹229. வடமாநிலத்தவர் தெற்கே ரயில் ஏறுவதற்கு இதைவிட விளக்கம் தேவையா? 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்ற போலிக் காணொலிகள் பரவியபோது ஆலைகள் காலியாகிவிடுமோ என்று எல்லாரும் பதறினோம். அந்த நாட்களில் அவர்களுடைய பாதுகாப்பைப் பற்றி நிறைய எழுதினோம், அது சரியே. அவர்கள் எவ்வளவு கூலிக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று அப்போதும் அதிகம் எழுதவில்லை.

திருப்பூர், கோவை, திண்டுக்கல் வட்டாரத்தைப் பற்றி இன்னொன்று. ஆடைத் தையல் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலியை அரசு 2004இல் திருத்தியது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும் என்றது அப்போதிருந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம். அடுத்த திருத்தம் 2014இல்தான் வந்தது. அதையும் உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டுத் தடுக்கப் பார்த்தார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணை செல்லும் என்றது. இந்தப் பன்னிரண்டு ஆண்டும் ஆள் பற்றாக்குறைச் செய்திகள் வந்துகொண்டுதான் இருந்தன. தென்மாவட்டங்களிலிருந்து பதின்ம வயதுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் அடைத்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டமும் இந்தக் காலத்தில்தான் நூற்பாலைகளில் ஓங்கியது. கேம்ப் கூலி என்று ஊரில் அதற்குப் பெயர். ஆள் கிடைக்கவில்லை என்ற முறையீட்டுக்கு அருகிலேயே இத்தனை ஆண்டாகத் திருத்தாத கூலி என்ற ஒரு வரி இருந்திருந்தால், அந்தப் பெண்கள் எதற்காகத் தேவைப்பட்டார்கள் என்பது வாசகருக்கு விளங்கியிருக்கும்.

நான் முதலாளிக்கு எதிராக எழுதச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று ஏக்கர் வைத்திருக்கும் டெல்டா விவசாயி கூலியைக் கூட்ட முடியாது என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. 2025-26க்குச் சாதாரண ரக நெல்லுக்கு ஒன்றிய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு ₹2,369. அவர் விலையை அவர் வைப்பதில்லை. கொள்முதல் நிலையத்தில் மூட்டை நாள்கணக்கில் கிடக்கிறது. ஆகவே அவரிடம் கூலியைக் கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள். இந்த நெல் விலையில் எவ்வளவு கூலி கட்டும் என்று அடுத்து கேளுங்கள். திருப்பூர்ச் சிறு நிறுவனத்திடம் வெளிநாட்டு வாங்குநர் ஒரு பனியனுக்கு என்ன விலை கொடுக்கிறார், அது நாலு ஆண்டில் ஏறியதா இறங்கியதா என்று கேளுங்கள். கூலியைக் கேட்கும் செய்தியாளர்தான் விலையைக் கேட்கும் இடத்துக்குப் போய்ச் சேருவார். கூலியை விட்டுவிட்டால் சிறு விவசாயியின் நெருக்கடியும் சேர்ந்தே மறைந்துவிடுகிறது.

கூலியை எவ்வளவு கூட்டினாலும் உடனே தீராத பற்றாக்குறையும் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்று 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டியது. படித்த பிள்ளைகள் சேற்றில் இறங்கப் போவதில்லை, இறங்க வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. வேறு சிலர் பணத்துக்காக மட்டும் விலகுவதில்லை. தாத்தாவை வா போ என்று கூப்பிட்டு, தனிக் குவளையில் தண்ணீர் கொடுத்த வீட்டு வயலுக்குப் பேரன் இன்று போகமாட்டான். கூடுதலாக நூறு ரூபாய் கொடுத்தாலும் போகமாட்டான். 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்தது கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவில். உள்ளூர் ஆளுக்குக் கூட்டிக் கொடுப்பதற்குப் பதில் வெளியூர் ஆளை இறக்கியது அந்தப் போராட்டத்தின் ஒரு பகுதி. அந்தக் கிராமம் இருக்கும் மாவட்டத்திலிருந்துதான் இன்றும் நடவுக்கு ஆள் இல்லை என்ற செய்தி நமக்கு வருகிறது. அங்கே போகும் செய்தியாளருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, செய்தி மேசையில் உட்காரப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் குறுவைக்கு ஒன்றியத்துக்கு ஒரு கிராமம் என்று தேர்ந்துகொள்ளுங்கள். நடவு தொடங்கும் வாரத்தில் ஆண் கூலி, பெண் கூலி, வேலை நேரம், ஏக்கர் பேச்சு என்ன என்று அந்தந்தப் பகுதிச் செய்தியாளரிடம் வாங்கி ஒரு குறிப்பேட்டில் ஏற்றுங்கள். அடுத்த ஆண்டும் அதே கிராமம், அதே வாரம். அதற்குப் பிறகு ஆள் பற்றாக்குறை என்று எந்தச் செய்தி வந்தாலும் கூலி இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள், கூலி வந்தால் குறிப்பேட்டோடு ஒத்துப் பாருங்கள். இரண்டு மூன்று பருவம் இதைச் செய்தால், இந்த மாவட்டங்களின் கூலியைப் பற்றி அரசிடமே இல்லாத ஒரு பதிவு உங்கள் நாளிதழிடம் இருக்கும். சங்கத் தலைவர் பேசும்போதும் அமைச்சர் பேசும்போதும் அதைப் பக்கத்தில் வைத்து அச்சிடலாம்.